கொடிமுந்திரிப் பந்தலடி மண்

எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் ஒரு கொடிமுந்திரிப் பந்தல் இருந்தது. இப்போது எல்லோரும் திராட்சை என்கிறார்கள். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அன்றைக்கு அந்தச் சொல் கிடையாது. லுணுகலையிலிருந்து மேலே ஏறிப்போனால் கண்ணுக்கு எட்டின மட்டும் தேயிலை. நடுவில் அந்தப் பந்தல் மட்டும் துரைசாணியின் ஆசை. சீமையிலிருந்து ஈரப் பாசியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகளாம். நான் கலியாணமாகி வந்தபோது அடிமரம் என் முழங்கைப் பருமன் இருந்தது. பழத்தைத்தான் வாயில் வைக்க முடியாது. காக்கைகூட ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தலையை உதறும்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. பதுளைக்கு இன்னும் வரவில்லை.

பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். ரோசாச் செடி, பீன்ஸ் பாத்தி, கோவா என்கிற முட்டைக்கோசு எல்லாம் அவர் கைதான். ஆனால் பந்தல் என்றால் அவருக்குத் தனிப் பெருமை. மழை விட்டதும் கொடிமுந்திரி இலைக்கு அடியில் மாவு தூவினதுபோல வெள்ளை பூத்துவிடும். அதற்கு மருந்து மயில்துத்தம். பதுளைக் கடையிலிருந்து சாக்கில் வரும், கல்கல்லாக, மயில் கழுத்து நிறத்தில். மரப்பீப்பாயில் அதைக் கரைத்து, வேறொரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, இரண்டையும் கலந்து, பித்தளைப் பீச்சாங்குழலால் இலைமேல் பீச்சுவார். மழை கழுவும், இவர் பீச்சுவார். மறுபடியும் மழை கழுவும், மறுபடியும் இவர் பீச்சுவார். வருஷா வருஷம் இதே கதை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மீசை நீலமாக இருக்கும்.

சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக் கலவைக்குள் முக்கி எடுப்பார். கத்தி பளிச்சென்று அப்படியே வந்தால் சரி. சிவப்பேறி வந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, செம்பு. நீலக் கல்லுக்குள் செம்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். கலியாணமான புதிதில் என் இரும்புக் கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டு போய் வெறும் துத்தத் தண்ணீரில் முக்கி, தகதகவென்று கொண்டுவந்து கொடுத்தார்.

“இந்தா புள்ள, தங்க ஊசி.”

“செம்புன்னு சொல்லுங்க.”

“செம்புதான். தங்கத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்.”

கொஞ்ச நாளில் கறுத்துப்போயிற்று. ஆனாலும் நான் அதைத்தான் செருகிக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்வதென்றால், நான் பயந்தாங்கொள்ளி இல்லை. கவலைக்காரி. பயந்தவள் ஓடிவிடுவாள், கவலைக்காரி நின்ற இடத்திலேயே நின்று நடக்காததையெல்லாம் நடத்திப் பார்ப்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் புத்தகம் முடிவதற்குள் என்னை நிறுத்திவிட்டார்கள். தம்பி பிறந்திருந்தான், அம்மா கொழுந்துக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் என்ன இருந்ததோ என்றுகூட நான் நெடுநாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

அந்த ஆடி மாதம் என் கவலைக்குக் காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, எங்களோடுதான் இருந்தாள். மலையில் கொழுந்து எடுப்பதிலும் சரி, வாய் பேசுவதிலும் சரி, அவளுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு தூரத்து அத்தை இருந்தாள். அந்த அத்தையின் மகன் முந்தின வருஷத் திருவிழாவுக்கு எங்கள் லயத்துக்கு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டான். இவள்தான் குழம்பு ஊற்றினாள். “போதும்” என்று அவன் சொல்லச் சொல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவனும் இலையை மறைக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் போன பிறகு அவளே சொன்னாள்.

“மதினி, கட்டுனா அதைத்தான். இல்லாட்டி என்னைய மாரியாத்தாளுக்கு நேந்து விட்டுருங்க.”

பையனுக்கும் சம்மதம். இடையில் நின்றது அவன் அம்மா. அந்த அத்தை அவர்கள் தோட்டத்து மருத்துவச்சி. லயம் லயமாகப் பிள்ளை எடுத்தவள். அவளுக்கு எல்லாம் கைராசி. “கை நல்லாருந்தா கல்லும் முளைக்கும்” என்பாளாம். ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன், பெண் முளைப்பாரி தூக்குவதைப் பார்க்கிறேன், பாரி நன்றாக வந்திருந்தால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். இல்லையென்றால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆக, என் நாத்தனாருக்கு அவள் ஆசைப்பட்டவன் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு சட்டியில் முளைக்கப்போகும் பயற்றில் வந்து நின்றது.

முளைப்பாரி எங்கள் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. வீட்டுக்கு ஒரு மண்சட்டி. அடியில் வைக்கோல், மேலே சாணித்தூள், அதற்கு மேல் மண். ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, எல்லாச் சட்டியையும் ஒரே இருட்டறையில் வைத்து மூடிவிடுவார்கள். வெளிச்சம் படக்கூடாது. தண்ணீர் தெளிக்க ஒருத்திதான் உள்ளே போவாள். வெளியே சாயங்காலமானால் பெண்கள் கும்மி அடிப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் மஞ்சள் மஞ்சளாக, மெல்லிசாக, உயரமாக எழும்பும். திருவிழாவன்று அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மாரியம்மனுக்குப் போக வேண்டும். எங்கள் தோட்டத்தில் பாரி அறை கங்காணி வீட்டுப் பின்கட்டு. தண்ணீர் தெளித்தது கங்காணி சம்சாரம்.

இதற்கு மண் முக்கியம். கண்ட இடத்து மண் ஆகாது. கால் மிதிபடாத மண், எச்சில் படாத மண், சுத்தமான மண் வேண்டும். லயத்தைச் சுற்றி அப்படி மண்ணுக்கு எங்கே போவது? கோழி கிளறாத இடம் ஏது? என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“பந்தலடி மண்ணு இருக்கு. அந்த மாதிரிச் சுத்தம் இந்த மலையில கெடையாது. ஒரு புல்லு முளைக்காது, ஒரு புழு இருக்காது. நானே மிதிச்சா ஓரமாத்தான் மிதிப்பேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பந்தலுக்கு அடியில் களை என்பதே கிடையாது. கறுப்பாக, பொதுபொதுவென்று, உதிர்ந்த இலை மெத்தைபோல் கிடக்கும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். புல்லும் புழுவும் இல்லாததைச் சுத்தம் என்று நாங்கள் எல்லோருமே எடுத்துக்கொண்டோம். எனக்கே, இத்தனை கவலைக்காரிக்கே, அது ஏன் முளைக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் கூடை கூடையாகக் கொடுத்தார். கங்காணி சம்சாரம் இரண்டு கூடை வாங்கினாள். பங்களா மண் என்றால் அவளுக்கு அது மரியாதை. அவரவர் அதோடு தங்கள் எருவையும் கொஞ்சம் ஆற்றங்கரை மண்ணையும் கலந்துகொண்டார்கள். தங்கைக்கு மட்டும் இவர் கலக்க விடவில்லை. பீப்பாய் கழுவுகிற மூலையில் மண் இன்னும் கறுப்பு, இன்னும் பொதுபொதுப்பு. அங்கேயிருந்து தனியாக வெட்டிச் சலித்துத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார்.

“இதுல சாணிகூட வேணாம் தாயி. கலக்காமப் போடு. அத்தை பாத்து வாயப் பொளக்கணும்.”

நான் அப்போது வாயும் வயிறுமாக இருந்தேன். பிள்ளைத்தாச்சி பாரி அறைக்குப் போகக்கூடாது, சட்டியும் வைக்கக்கூடாது. அது எனக்கு ஏக்கமாக இருந்தது என்று நாத்தனாருக்குத் தெரியும். சட்டியில் தூவிவிட்டு மிச்சம் ஒரு பிடி தானியத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் லயத்துக்குப் பின்னால் கிடந்த மண்ணை அள்ளிப்போட்டு, அதே கையால் தூவி, அடுப்புக்குப் பக்கத்தில் கூடையால் மூடினாள்.

“இது உங்க பாரி மதினி. உள்ளே இருக்கறதும் நீங்களும் சேந்து தூக்குங்க.”

“சாமி குத்தமாயிரப் போவுதுடி.”

“சிரட்டைக்கெல்லாம் சாமி வராது. வந்தா நான் பேசிக்கிறேன்.”

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் கும்மி ஓய்ந்த நேரத்தில் கங்காணி சம்சாரம் என் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாகக் கூப்பிட்டது என்னவோ உண்மை; குரல் மூன்று லயத்துக்குக் கேட்டது.

“ஏண்டி, நீ தூவும்போது சுத்தமாத்தான் இருந்தியா?”

“ஏங்க்கா?”

“ஒஞ்சட்டி முளைச்சது, நின்னுருச்சு. வெரக்கடைக்கு மேல ஏறல. மத்ததெல்லாம் சாணு சாணா எழும்புது.”

அவள் முகம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் வாயாடுகிறவள் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும்! அடுப்பில் ஊதுகுழல் ஊதும் சத்தம்கூட அதிகமாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, பெண்கள் இரண்டு இரண்டு பேராக நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கை சரியில்லை என்றாள் ஒருத்தி. ஆத்தாளுக்குக் கோபம் என்றாள் இன்னொருத்தி. அத்தை வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கவலையை எங்கே வைத்துத் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. தீட்டோ, திருஷ்டியோ, நான் பிள்ளைத்தாச்சியாக அந்தத் தானியத்தை ஊறவைத்தது குற்றமோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உலை வைக்கப்போனவள் கூடையைத் தட்டிவிட்டேன். உள்ளே சிரட்டைப் பாரி, மறந்தே போயிருந்தேன், சிரட்டையை விட்டு ஒரு முழம் எழும்பி வளைந்துகொண்டு நின்றது.

அதைப் பார்த்ததும் உலையை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அதே தானியம். அதே நாள். அதே கை. அவள் கையில் குற்றம் என்றால் இது எப்படி எழும்பியது?

கங்காணி சம்சாரத்திடம் கெஞ்சி, நாத்தனாரின் சட்டியிலிருந்து ஒரு முளையைப் பிடுங்கிவரச் சொன்னேன். சிரட்டை முளையையும் பிடுங்கி இரண்டையும் முறத்தில் வைத்தேன். சிரட்டை முளையின் வேர் வெள்ளையாக, நீளமாக, நூல் நூலாகக் கிளைத்திருந்தது. சட்டி முளையின் வேர் பழுப்பாக, குட்டையாக, நுனி கருகிய திரிபோல. பயறு தன்னுள் இருந்த தாய்ப்பாலைக் குடித்து முளைத்திருக்கிறது. வேர் மண்ணைத் தொட்டு, மண்ணைக் குடிக்கத் தொடங்கினதும் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை.

“பங்களா மண்ணு புள்ள அது! லயத்துக் குப்பை மண்ணுல முளைக்கறது அதுல முளைக்காதா?”

“அதுல எதுனாச்சும் முளைச்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு ஒரு வருசம் அரைக்கீரை தூவுனேன்...”

“வந்துச்சா?”

“நாலு இலை வந்துச்சு. மஞ்சளா. சரி, நெழலு, அதான்னு விட்டுட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை, துரையும் துரைசாணியும் பதுளைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேரும் பந்தலுக்குப் போனோம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியால் கொத்திக் காட்டினார். இலை மெத்தையைப் புரட்டினால் கீழே இருந்த இலையும் இலையாகவே இருந்தது. போன வருஷத்து இலை, அதற்கு முந்தின வருஷத்து இலை, மக்காமல் தோல்போல அடுக்கடுக்காக. மக்கவைக்க ஒரு புழுகூட இல்லை. பத்தடி தள்ளி ரோசாப் பாத்தியில் கொத்தினால் மண்புழு நெளிந்தது. கொடி மட்டும் இதையெல்லாம் சட்டைபண்ணாமல் நின்றது. அதன் வேர் எங்கேயோ ஆழத்தில் இருந்து குடிக்கிறது போலிருக்கிறது. மேல்மண்ணில்தான் சங்கதி.

பீப்பாய் கழுவும் மூலையில் கல் எல்லாம் பச்சையேறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. ஈயம் தேய்ந்த செம்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதே பச்சை. ஒரு தரம் அப்படிச் சாப்பிட்டு எங்கள் அம்மா வீட்டில் எல்லோரும் வாந்தி எடுத்திருக்கிறோம்.

“என்னாங்க, நீங்க இலையில அடிக்கிற செம்பு எங்க போவுது?”

“மழையில கழுவிப் போயிரும்.”

“போயி?”

அவர் மேலே இலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே மண்ணைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர், மீசையும் கையுமாக, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே குந்திவிட்டார்.

“நல்ல மண்ணுன்னு சலிச்சுச் சலிச்சுக் குடுத்தேனே. அவளுக்குன்னு தனியா.”

அவர் தோளைத் தொட்டேன். வேறென்ன செய்வது? அதிகப் பாசம் வைத்தவளுக்கு அதிகச் செம்பு போயிருக்கிறது. எருவும் ஆற்று மண்ணும் கலந்தவர்கள் சட்டி கொஞ்சம் பரவாயில்லை. அன்றைக்கே கங்காணி சம்சாரத்திடம் பேச்சுக் கொடுத்து ஒவ்வொரு சட்டியாக விசாரித்தேன்: இவரிடம் மண் வாங்கினவர்கள் எல்லோர் சட்டியிலும் கொஞ்சமோ நிறையவோ சுணக்கம் இருந்தது. தன் சட்டியைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினாள்; அதுவும் குட்டைதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது புதுக் கவலை. மண்தான் கெட்டது என்று வெளியே சொன்னால் இவர் தலை உருளும். தோட்டக்காரன் பங்களா மண்ணை நஞ்சு என்கிறான் என்று துரை காதுக்குப் போய்ச் சேர்ந்தால் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அவள் வாழ்க்கை போகும். நாத்தனாரோ ஒரே பிடிவாதம்.

“அண்ணனை ஒண்ணும் சொல்ல விடாதீங்க மதினி. என் கைன்னே இருக்கட்டும்.”

“அத்தை மகன் வேணாமாடி ஒனக்கு?”

“வேணும்.” அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அத்தை திருவிழாவுக்கு முந்தின நாளே வந்து இறங்கினாள். பண்டாரவளைவரைக்கும் ரயில், பதுளைவரைக்கும் மாட்டுக் கரத்தை, மீதிக்கு நடை. கட்டை குட்டையான மனுஷி, வாய் நிறைய வெற்றிலை. எனக்குச் சின்னம்மா முறை. வந்ததும் என் வயிற்றில் கை வைத்தாள்.

“தலை நல்லா நிக்குது. கவலைப்படாத.”

“படாம எப்பிடி சின்னம்மா?”

“அப்பப் படு. எப்பிடியும் அது வெளியில வரத்தான் போவுது.”

தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே பாரி அறைக்குப் போனாள். மருத்துவச்சியை யார் தடுப்பது? வெளியே வந்தபோது வெற்றிலையை மெல்லவில்லை.

“அந்தக் குட்டைச் சட்டி யாருது?”

என் நாத்தனார் முன்னால் வந்தாள். அதற்குள் என் வீட்டுக்காரர் கும்பலைப் பிளந்துகொண்டு வந்து நின்றார்.

“அத்தை, அது அவ கை இல்ல. மண்ணு. நாந்தான் குடுத்தேன். துத்தம் எறங்குன மண்ணு. தெரியாமக் குடுத்துட்டேன். இங்க வாங்குன எல்லாரு சட்டியும் அப்பிடித்தான்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வசவு வரும் என்று காத்திருந்தேன். வந்தது கங்காணி சம்சாரத்தின் குரல்.

“அப்ப என் கை சுத்தந்தானே! ஆத்தாடி, ஒரு வாரமா நான் கெடந்த கெடை! இந்த மனுசன் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!”

அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், மண் வாங்கின வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். என் சட்டியும் அப்பிடித்தான்க்கா, என்னதும் வளரலக்கா என்று ஆளாளுக்குச் சந்தோஷமாகச் சொன்னார்கள். கங்காணி சம்சாரம் தனித்தனியாகக் காதில் போட்டதைக் கேட்டு, அவரவரும் அவரவர் கையைத்தான் சந்தேகித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். கவலைக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அத்தை மட்டும் அசையவில்லை. நான் சிரட்டைப் பாரியைக் கொண்டுவந்து காட்டினேன்.

“இது அவ தூவுனதுதான்னு நான் எப்பிடி நம்பறது? நீ பாசக்காரி. நீ தூவியிருப்ப.” வெற்றிலையைத் துப்பினாள். “மண்ணா கையான்னு என் கண்ணு முன்னாடி பாப்போம்.”

திருவிழாவன்று என் நாத்தனார் அந்தக் குட்டைப் பாரியைத்தான் தூக்கினாள். வேறு சட்டி தருகிறேன் என்றவர்களிடம், “சாமிக்குத் தெரியாதா யாரு சட்டி எதுன்னு?” என்றுவிட்டாள். தலையில் மொட்டையாக ஒரு சட்டியோடு, நேராகப் பார்த்துக்கொண்டு, காற்றில் நடந்தாள். அத்தை அவள் பின்னாலேயே நடந்தாள்.

மறுநாள் மூன்று சட்டி வைத்தோம். ஒன்றில் ஆற்றங்கரை மண், அதில் என் நாத்தனார் தூவினாள். ஒன்றில் பந்தலடி மண், அதிலும் அவளே. மூன்றாவதும் பந்தலடி மண்தான். அதில் அத்தை தன் கையால் தூவினாள்.

“என் கைக்கு முளைக்கும். பாத்துக்கங்க.”

ஹல்துமுல்லைக்குத் திரும்பவில்லை. “எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க. அங்க இப்ப மாசமா இருக்கறவ யாரும் இல்ல” என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எங்கள் காம்பரா எட்டடி அறை. அதில் நாங்கள் மூன்று பேர், என் வயிற்றில் ஒன்று, இப்போது அத்தை. அவளுக்கும் என் நாத்தனாருக்கும் காலையில் எழுந்தால் சண்டைதான்.

“ஒங்க ஊருல ரசத்துக்கு உப்புப் போட மாட்டீங்களா?”

“போடுவோம் அத்தை. வாயில உப்பு இல்லாதவங்களுக்குத்தான் தெரியாது.”

நான் உப்புச் சிரட்டையை நடுவில் வைப்பேன். அத்தை அவளை முறைப்பாள். பிறகு மறு அகப்பை ரசம் வாங்கிக்கொள்வாள். இருட்டின பிறகு அவள் தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பாள்; பார்க்கும்போதும் வைவாள். கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தழும்புக்கு என்னவோ இலையை அரைத்துப் பற்றுப் போட்டாள்.

இடையில் என் வீட்டுக்காரர் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். மருந்தை இலைக்குத்தானே அடிக்கிறாய், மண்ணுக்கு என்ன என்று துரை கேட்டாராம். இவர் பந்தலடியைக் கொத்திக் காட்டியிருக்கிறார். துரை குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, கொடியை விடமுடியாது, துரைசாணி அழுவாள் என்று சொல்லி, வேண்டுமானால் மாட்டெருவும் சுண்ணாம்பும் போட்டு ஆழமாகப் புரட்டிப் பார் என்றாராம். வேலை போகவில்லை. அதன் பிறகு பீப்பாய் கழுவுகிற தண்ணீரை ஒரு குழியில்தான் ஊற்றினார். அந்த மண்ணில் ஓரத்தில் அறுகு தலைகாட்டவே வருஷங்கள் ஆயின. நடுவில் அப்போதும் ஒன்றுமில்லை. போனது போகாது போலிருக்கிறது, அந்தச் செம்பு.

சட்டிகளுக்கு வருகிறேன். அத்தை தன் சட்டியை எங்களைத் தொட விடவில்லை. அவளே தண்ணீர் தெளித்தாள். ஒரு தரம் நான் எட்டிப் பார்த்தபோது சோற்றுக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சின்னம்மா, கஞ்சியா?”

“புள்ளைக்கு மட்டுந்தான் கஞ்சியா? வாய மூடு.”

சட்டியிடம் பேசினாள். “எழும்பு ராசா, எழும்பு, மானத்தக் காப்பாத்து” என்று கொஞ்சினாள். பிள்ளை வெளியே வர மறுக்கும்போது தாய்மாரிடம் பேசுகிற குரல் அது என்று பின்னால் என் முறை வந்தபோது தெரிந்துகொண்டேன்.

ஒரு காலை நேரம் என் நாத்தனாரையும் என்னையும் கூப்பிட்டு, மூன்று சட்டியையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வைத்தாள். ஆற்றங்கரை மண் சட்டி முழங்கால் உயரம். மற்ற இரண்டும் விரற்கடை. ஒரே அளவு. அவள் தன் சட்டியிலிருந்து ஒரு முளையைப் பிடுங்கி, கருகின வேரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எத்தனை தொப்புள்கொடி அறுத்த கை இது. என் கைக்கே முளைக்க மாட்டேன்னுடுச்சே, பாத்தியாடி!”

என் நாத்தனார் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அத்தையின் கையை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

“மண்ணு அத்தை. கை என்னா பண்ணும்?”

அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து வெற்றிலைப் பையை அவிழ்த்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னாள்.

“மருமகனே, தட்டு எங்கய்யா? எனக்கும் குட்டை, இவளுக்கும் குட்டை. ஒரே மாதிரிக் கை ரெண்டும் ஒரே வீட்டுல கெடக்கட்டும்.”

அவர் பங்களாவுக்குப் போக எடுத்த மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தட்டைத் தேடினார். தட்டில் நான் பருப்பு கொட்டி வைத்திருந்தேன். அதை முறத்தில் கவிழ்த்துவிட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.

“அத்தைக்கு ரசத்துல உப்பு இனிமே நான் போடறேன்” என்றாள் நாத்தனார், வெட்கத்தை மறைக்க.

“நீ போட்டா நான் திங்க மாட்டேன். உப்பு நாந்தான் போடுவேன்.”

“அப்ப நான் எதுக்கு வாறேன் அந்த வீட்டுக்கு?”

“என் புள்ளைக்குக் கொழம்பு ஊத்த.”

இரண்டு பேரும் வாசலில் நின்று அப்போதே தொடங்கிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் தட்டில் வெற்றிலையை அடுக்கும்போதே இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன்: இந்த இரண்டு வாயும் ஒரே அடுப்படியில் எப்படி இருக்கப்போகின்றன, நடுவில் அந்தப் பையன் என்ன ஆவான்?